ஓர வெளிச்சம்

மரக்காணம் உப்பளத்தில் தனக்கோடி என்று விசாரித்தால் யோசிப்பார்கள். லைட்டுக்காரர் என்றால் உடனே கைகாட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால், கோடையில் அங்கே இருட்டோடு இருட்டாக வேலை தொடங்கிவிடும். அந்த இருட்டில் பாத்திகளுக்கு நடுவே நகர்கிற டார்ச்சுகளில் பாதிக்குமேல் தனக்கோடி சும்மா கொடுத்தவை.

சும்மா கொடுக்க அவர் ஒன்றும் மிராசுதார் இல்லை. மற்றவர்களைப் போலக் கூலிக்கு உப்பு வாருகிறவர்தான். ஆனால் டார்ச் பைத்தியம். போனில் ‘டார்ச் கூட்டாளிகள்’ என்று ஒரு குழு உண்டு. இதே பைத்தியம் பிடித்தவர்கள் ஊர் ஊராக அதில் இருந்தார்கள். சாயங்காலமானால் ஆளாளுக்குச் சுவரில் லைட் அடித்துப் போட்டோ போடுவார்கள். நடுவில் விழும் பளீர் வட்டம் எப்படி, அதைச் சுற்றிப் பரவும் ஓர வெளிச்சம் எப்படி என்று, மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கிற மாதிரி அலசித் தீர்ப்பார்கள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். யாராவது ஒருவர் திடீரென்று இன்னொருவருக்குப் புது டார்ச் அனுப்பிவைப்பார். வாங்கியவர் நன்றி சொல்லக் கூடாது. அதற்குப் பதில், தன் கையிலிருக்கும் ஒரு டார்ச்சை வெளியே யாருக்காவது, வெளிச்சம் இல்லாமல் தவிக்கிறவருக்கு, கொடுத்துவிட வேண்டும். வந்த டார்ச்சைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லவும் வேண்டும். குறை சொன்னால்தான் அங்கே மரியாதை. தனக்கோடி இரண்டையும் தட்டாமல் செய்தார். உப்புச் சுமக்கிற முத்தம்மாளுக்குத் தலையில் மாட்டும் லைட் ஒன்றைக் கொடுத்தார். தலையில் கூடை இருக்கும்போது லைட்டை எங்கே மாட்டுவது? பழைய பையின் நாடாவை வைத்துத் தைத்து, நெஞ்சில் தொங்குகிற மாதிரி ஆக்கிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு முத்தம்மாள் வரப்பில் விறுவிறுவென்று நடந்ததைப் பார்த்து அவருக்கு வயிறு நிறைந்துபோனது.

போன கோடையில்தான் சனியன் பிடித்தது. அவருடைய டார்ச்சுகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின. நடுவட்டம் நன்றாக விழுந்தது, ஓர வெளிச்சத்தை மட்டும் காணோம். முகத்தைத் திருப்பினால் ஓரத்திலும் வெளிச்சம் இருந்தது. நேரே பார்த்தால் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார்கள். தனக்கோடி டார்ச்சைக் கழற்றினார். உப்புக் காற்றில் கான்டாக்ட் துருப்பிடிப்பது அவருக்குத் தெரியாததா என்ன? உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், ஸ்பிரிங்கை மாற்றினார், ஒயரைப் புதிதாகப் பற்றவைத்தார். ஒன்றும் சரியாகவில்லை.

வரப்பில் நடக்க ஓர வெளிச்சம் போதவில்லை என்று குழுவில் எழுதினார். உடனே ஒருவர் அகலமாக அடிக்கிற டார்ச் அனுப்பினார். அதிலும் அதே குறை. வழக்கப்படி உள்ளதைச் சொன்னார். இன்னொருவர் அதைவிடப் பெரியதை அனுப்பினார். அதிலும் அதேதான். புதியது வர வர, பழையதை அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். அளத்தில் எல்லோருக்கும் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது. கொடுத்தவர் மட்டும் வரப்பிலிருந்து கால் தவறிப் பாத்தியில் விழுந்துகொண்டிருந்தார்.

“ஏம்பா, காலையிலயே ஏத்திக்கினு வந்துட்டியா?” என்றார் மேஸ்திரி கன்னியப்பன்.

பக்கத்து எக்கியார்குப்பத்தில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, தடுமாறுகிற ஆளை இந்தப் பக்கத்தில் யாரும் நோயாளி என்று நினைப்பதில்லை. கட்டின மனைவி சகாயமேரியே நினைக்கவில்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வந்து நிற்பாள்.

“வாய ஊதுங்க.”

ஊதுவார். ஒரு வாடையும் இருக்காது. “அப்ப எதுனா மாத்திர போடறீங்களா?” என்பாள். அவருக்கு அழுகையே வந்துவிடும். டார்ச் சரியில்லை என்று சொன்னால் எந்தப் பெண்டாட்டிதான் நம்புவாள்?

குழுவில் கௌதமன் என்று ஒரு பையன். ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை, மிச்ச நேரமெல்லாம் சொந்தமாக டார்ச் செய்கிறவன். தனக்கோடியின் வரப்புக்கென்றே ஒன்றை மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்து அனுப்பினான். இவர் அடித்துப் பார்த்துவிட்டு எழுதினார்: ‘தம்பி, நடுவட்டம் மட்டும்தான் இருக்குது. ஓரம் இல்ல.’

கௌதமனுக்குச் சுருக்கென்றது. ‘அண்ணா, இதுல நடுவட்டமே கிடையாது. செவுரு முழுக்க ஒரே மாதிரி விழறா மாதிரிதான் செஞ்சிருக்கேன்’ என்று பதில் போட்டான். குழு இரண்டு பட்டது. எதைக் கொடுத்தாலும் குறை சொல்கிற ஆளுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். தனக்கோடி அன்று சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கௌதமன் பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டான்.

இருட்டுகிற நேரம். இரண்டு பேரும் உப்புக் கொட்டகைச் சுவருக்கு எதிரே நின்றார்கள். தனக்கோடி டார்ச்சை அடித்தார்.

“பாரு தம்பி. ஒரு வட்டம். சுத்தி இருட்டு.”

கௌதமன் சுவரை நோக்கி நடந்தான். தனக்கோடி வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பையனைக் காணவில்லை.

“கௌதமா, எங்க போன?”

“இங்கதாண்ணா நிக்கிறேன்.”

“எங்க?”

“லைட்டுலதாண்ணா நிக்கிறேன்.”

சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். தலைமுதல் கால்வரை வெளிச்சத்தில் நனைந்தபடி கௌதமன் நின்றுகொண்டிருந்தான். வலது கையை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக ஆட்டினானோ. அவன் முகம் வெளிறியிருந்தது.

“டார்ச்ச அணைங்கண்ணா. காலையில ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றான்.

புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். “கண்ணுக்குள்ள அழுத்தம். வலியே இல்லாம ஓரத்துலேருந்து நரம்பத் தின்னுக்கிட்டே வரும். ரெண்டு கண்ணுலயும் நடுவுல கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. போனது போனதுதான். இருக்கறதக் காப்பாத்த சொட்டு மருந்து தர்றேன். அதுலயும் குறையற மாதிரி தெரிஞ்சா உடனே வாங்க, ஆபரேஷன் பண்ணணும். இவ்ளோ நாள் ஏன் வரல?” என்றார்.

“டார்ச் ரிப்பேருன்னு நெனச்சேம்மா” என்றார் தனக்கோடி. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகுதான் அவருக்கு ஆத்திரம் பொங்கியது. “எத்தினி பேரு எத்தினி லைட்டு அனுப்புனீங்க! ஒருத்தனாவது உன் கண்ணு எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களாய்யா?”

கௌதமன் தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் திட்டித் தீர்த்த பிறகு தனக்கோடிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அவரும்தான் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மேஸ்திரி இனிமேல் வரப்பில் ஏறக் கூடாது என்றுவிட்டார். கொட்டகையில் உட்கார்ந்து உப்புச் சாக்குக்கு வாய் தைக்கிற வேலை கிடைத்தது. மிச்சமிருக்கிற கண்ணுக்கு அது போதும். அதுவும் போனால் சாக்கும் இல்லை, சோறும் இல்லை.

விஷயம் தெரிந்ததும் குழுவே கலங்கிப்போனது. எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர் போனில் அழுதார். பிறகு வரத் தொடங்கின பார்சல்கள். டார்ச், டார்ச், மறுபடியும் டார்ச். இரும்பு மாதிரி கெட்டியானது, ஊரையே எழுப்புகிற வெளிச்சம், கழுத்தில் மாட்டுவது, தொப்பியில் செருகுவது. நல்லவர்கள், கொடுக்காமல் இருக்க முடியாதவர்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். சகாயமேரி எதையும் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். கௌதமன் செய்த டார்ச்சை மட்டும் எடுத்து அலமாரியில் வைத்தாள்.

அதற்கு அவள் ஒரு வேலை கண்டுபிடித்திருந்தாள். சாயங்காலம் சொட்டு மருந்து விட்டபின், அந்த டார்ச்சைப் போட்டுச் சுவர் முழுக்க வெளிச்சமாக்குவாள். அவர் எதிரே உட்கார்ந்து, சுவரின் நடுவில் இருக்கும் ஆணியையே பார்க்க வேண்டும். அவள் மூலையிலிருந்து சுவரோரமாக ஆணியை நோக்கி நடந்து வருவாள். கண்ணில் பட்டதும் அவர் “தெரியுது” என்பார். அவள் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவாள். கோடு உள்ளே நகர்ந்தால் பார்வை குறைகிறது என்று அர்த்தம். மாதங்கள் போயும் கோடு நகரவில்லை.

“பாத்தியா, அப்படியே நிக்குது” என்பார் பெருமையாக.

உண்மையில் அவருக்கு உதவி செய்தவை அவளுடைய கண்ணாடி வளையல்கள். நடக்கும்போது சலசலக்கும். வழக்கமான இடத்துக்குச் சத்தம் வந்ததும் வாய் தானாக “தெரியுது” என்றுவிடும். முதலில் பார்த்துத்தான் சொன்னார். பார்ப்பது எங்கே முடிந்து கேட்பது எங்கே தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விரும்பவும் இல்லை. கண்ணில் கத்தி வைப்பதை நினைத்தாலே அவருக்கு உடம்பு நடுங்கியது.

சாக்கு ஊசி மட்டும் பொய் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம், சோறு பிசைந்துகொண்டிருந்தவரின் இடது கையைச் சகாயமேரி இழுத்து வைத்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் குத்துப்பட்ட புண். மருந்தை விட்டாள். டார்ச்சைப் போட்டாள்.

அவர் ஆணியைப் பார்த்தபடி காத்திருந்தார். சத்தமே இல்லை. இன்னும் மூலையிலேயே நிற்கிறாள் போல என்று நினைத்தார்.

“வா மேரி.”

பதில் இல்லை. கோபமாக இருக்கிறாளோ என்று தோன்றியது. கூப்பிட மறுபடி வாயெடுத்தபோது, ஆணிக்குப் பக்கத்திலேயே, கையெட்டும் தூரத்தில், இரண்டு மணிக்கட்டுகள் தெரிந்தன. இரண்டும் மொட்டையாக இருந்தன.

“வளையல் எங்கடி?”

“கழட்டி வச்சிட்டேன்.”

“ஏண்டி, நான் உசுரோட இருக்கும்போதே...”

“உங்க கண்ணு உசுரோட இருக்கணும்னுதான் கழட்டுனேன்” என்றாள். “நாளைக்கு மொத பஸ்ஸு. டாக்டரம்மாகிட்ட நிஜத்தச் சொல்லணும்.”

நின்ற இடத்திலேயே சாக்பீஸால் புதுக்கோடு போட்டாள். பழைய கோடு எங்கே என்று பார்க்க அவர் முகத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது.