பாரம் ஏற்றிய படகு

அபோண்டி சிரித்தால், ஏரி நடுவே இருக்கும் ரெம்பா தீவின் மறுகரை வரை கேட்கும் என்பார்கள். பல வருடங்களாக ஒமேனா என்ற பொடிமீன் கருவாட்டு மூட்டை மேல் உட்கார்ந்து, அடுத்தவர் படகில் ம்பிடா சந்தைக்குப் போய்வந்தவள் அவள். ஒருநாள் சொந்தமாகப் படகே வாங்கிவிட்டாள். பழைய சேக்காளிகள் எல்லாரும் மூட்டையோடு அவள் படகுக்கு வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மழைக்காலத்தில் ஒரு பாறை, மோட்டாரின் சுழல் இறக்கையான புரொப்பெல்லரைப் பதம் பார்த்தது. புதிதாக ஒன்று வேண்டும். ரெம்பாவில் அதற்கு ஒரே பரீட்சைதான்: மாட்டிக்கொண்டு, ஊரே பார்க்கக் கரையோரம் காலிப் படகை விரட்டுவார்கள். எதற்கு விசில் பறக்கிறதோ அதுதான் நல்ல புரொப்பெல்லர். படகோட்டி ரபுடோ ஓட்டியதும் விசில் காதைப் பிளந்தது. அபோண்டியும் கைதட்டினாள். தட்டியிருக்க வேண்டாம்.

சந்தை நாளான வியாழக்கிழமை மூட்டைகளும் பெண்களும் ஏறியதும் மோட்டார் முக்கி முனகியது. அதே சந்தைக்கு ஆள் ஏற்றும் போட்டிப் படகு தாண்டிப் போயிற்று. இவர்கள் ம்பிடாவில் இறங்கியபோது கருவாடு வாங்கும் மொத்த வியாபாரிகளின் லாரிகள் கிளம்பிப் போயிருந்தன. அடுத்த சந்தையிலும் அதே கதை.

ம்பிடா கரையிலேயே பழைய தோழி அடோயோ விற்காத மூட்டையைத் தூக்கிப் போட்டிப் படகில் வைத்தாள். மற்ற பெண்களும் அவள் பின்னால் போனார்கள்.

"உன் மூஞ்சிக்காக ரெண்டு வாட்டி வந்தேன்டி. ஒவ்வொரு வாட்டியும் விக்காத கருவாட்டத் திருப்பித் தூக்கிட்டு வந்தா, வீட்ல உலை எப்படிக் கொதிக்கும்?"

அபோண்டிக்குச் சுருக்கென்றது. கோபப்படக்கூட முடியவில்லை, அவள் சொன்னது அவ்வளவு நியாயம்.

அன்று திரும்பும்போது காலிப் படகு பறந்தது.

"பாத்தீங்களாக்கா? மோட்டார்ல ஒரு கோளாறும் இல்ல!" என்றான் ரபுடோ.

"அதாண்டா நானும் பாக்குறேன். இந்த இறக்கைக்கு முறுக்கு ஜாஸ்தி. ஒரு சுத்துக்கு ரொம்ப தூரம் தள்ளப் பாக்குது. வெறும் படகுக்குச் சரி. பாரம் ஏறினா அதச் சுத்தவே மோட்டாருக்குத் தெம்பு பத்தல. நாம சந்தைக்குக் காத்தையா ஏத்திட்டுப் போறோம்?"

கடைக்காரரிடம் முறுக்குக் குறைந்தவை இரண்டைச் சோதித்துப் பார்க்க வாங்கி வந்தாள். பரீட்சைக்குப் பெண்களை மூட்டையோடு ஏறச் சொன்னாள். தலைமுறை தலைமுறையாக அந்தக் கரையில் யாரும் செய்யாத காரியம்.

"எதுக்குடி, எங்கள எடை போடவா? எம் புருசனுக்கே அத நான் சொன்னதில்ல!" என்றாள் அடோயோ. ஆனாலும் ஏறிவிட்டாள்.

முதலாவதற்கு முனகல் தீரவில்லை. இரண்டாவதை மாட்டியதும் மோட்டாரின் குரல் எழுந்தது. படகு முக்காமல் நீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கரையில் ஒரு விசில்கூட இல்லை. ஆண்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கலைந்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை ம்பிடாவில் முதலில் கரை தொட்டது அபோண்டியின் படகுதான். மதியத்துக்குள் மூட்டையெல்லாம் விற்றுத் தீர்ந்தது.

மாலையில் வெறும் சாக்குகளோடு திரும்பும்போது போட்டிப் படகு பின்னாலிருந்து சீறி வந்து தாண்டியது. அதிலிருந்தவர்கள் ஊளையிட்டுக் கையசைத்தார்கள்.

ரபுடோவின் முகம் தொங்கிப்போயிற்று. "மானம் போகுதேக்கா!"

"போனா போகட்டும் விடுடா. இப்ப அவங்க முந்தி எங்க போறாங்க? வீட்டுக்குத்தானே!" என்று சொல்லி, அபோண்டி பாதிச் சிரிப்பில் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோளில் சாய்ந்து அடோயோ நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.