நான் மாற்றி ஒட்டிய ஸ்டிக்கர்

அன்பான சகோதர சகோதரிகளே, நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பது என் வேலை. கோரிமேட்டில் ஏறுகிற அத்தனை முகமும் எனக்குத் திருட்டு முகமாகத்தான் தெரியும். வீட்டிலும் அதே புத்திதான்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மூன்று முறை கரு கலைந்தது. மூன்றாம் முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். பாவி நான், அப்போதும் சந்தேகப்பட்டேன். அவள் குடும்பத்தில் ஏதோ நோய் இருக்கிறது, மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். தவக்காலம் முழுக்க ஒரே ஜெபம்: ‘ஆண்டவரே, மறைந்திருப்பதை வெளியே கொண்டு வாரும்.’

இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை செய்யச் சொன்னார் டாக்டர். ரத்த அணுக்களைச் சில நாள் வளர்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு குரோமோசோமின் வரிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். ஸ்டெல்லாவுக்குக் குறை இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. என் ரத்தத்தில்தான் இரண்டு குரோமோசோம்களின் நுனிகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தன. எனக்கு அதனால் தொந்தரவு இல்லை. கருவுக்குப் போகும்போதுதான் துண்டு கூடலாம், குறையலாம், கரு தங்காது என்றார்.

நம்புவேனா? லேபில் குழாயை மாற்றிவிட்டார்கள் என்று குதித்தேன். மறுபடி ரத்தம் கொடுத்தோம். ரத்தம் எடுத்த பெண் நோட்டில் எழுதத் திரும்பியதும், இரண்டு குழாய்களின் பெயர் ஸ்டிக்கரையும் உரித்து மாற்றி ஒட்டினேன். குழாய் மாறியும் பழைய ரிப்போர்ட்டில் இருந்ததையே எழுதினால் மாட்டிக்கொள்வார்கள் அல்லவா?

“ஏங்க, இன்னா வேல இது?” என்று ஸ்டெல்லா பதறினாள்.

“நீ சும்மா இரு. எவன் ஏமாத்துறான்னு பாத்துடலாம்.”

இரண்டு வாரம் கழித்து லேபிலிருந்து கூப்பிட்டார்கள். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினாள்.

“சார், மேடம் பேர் போட்ட குழாய்ல ஆம்பள ரத்தம் இருக்குது. உங்க பேர்ல இருக்கறது பொம்பள ரத்தம். ஆம்பளைக்கு மட்டும் இருக்கற ஒய் குரோமோசோமே காட்டிக் குடுத்துடுச்சு. நுனி மாறியிருக்கறதும் அந்த ஆம்பள ரத்தத்துலதான். ஸ்டிக்கர யாரு மாத்தினது?”

டிக்கெட் இல்லாமல் மாட்டியவன் மாதிரி முழித்தேன். ஸ்டெல்லா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நான்தாம்மா மாத்துனேன்” என்றேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே அழுதுவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

“மறைஞ்சிருக்கறது வெளிய வரட்டும்னுதான கேட்டீங்க? வந்துடுச்சு இல்ல?” என்றாள்.

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே முழங்காலிட்டோம். அடுத்த வருடம் மறுபடி கரு தரித்தாள். பனிக்குட நீரை எடுத்துப் பரிசோதித்தார்கள். ரிப்போர்ட்டும் வந்தது. குழந்தைக்கும் என்னைப் போலவே நுனி மாறியிருக்கிறது, ஆனால் ஒரு துண்டுகூடக் குறையவில்லை, கூடவும் இல்லை என்றார்கள். முதல் முறையாக ஒரு காகிதத்தைப் பார்த்ததும் நம்பினேன். ஸ்தோத்திரம்!

மகளுக்கு இப்போது ஏழு மாதம். எதைக் கொடுத்தாலும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறாள். “அப்பன் புத்தி” என்று ஸ்டெல்லா சிரிக்கிறாள்.

என்னைப் போல் சந்தேகப்படுகிறவர்களே, ஆண்டவரிடம் உண்மையைக் கேளுங்கள். நிச்சயம் காட்டுவார். யாரைக் காட்டுவார் என்று மட்டும் நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.