ஹெசரகட்டாவுக்கு ஒரு டூர்

சித்தப்பா அந்தத் திட்டத்தை அறிவித்தது ஒரு திங்கட்கிழமை மாலை. வேலை விட்டு வந்த கையோடு, கிரீஸ் கறையைக்கூடக் கழுவாமல் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, அண்ணனையும் என்னையும் காட்டிச் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம ஹெசரகட்டா ஏரிக்கு சைக்கிள் டூர் போறோம். நான், பெரியவன், இவ. மூணு பேரும்.”

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. கல்யாணமாகாதவர். பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு, ஒக்கலிபுரத்தில் எங்களோடு தங்கியிருந்தார். தினமும் பீன்யாவுக்கு சைக்கிளில் போய் சைக்கிளில் வருகிறவருக்கு விடுமுறை நாளிலும் அதைவிட்டு இறங்க மனமில்லை என்று அப்பா கேலி செய்வார். எனக்கு அப்போது பதினோரு வயது. ‘டூர்’ என்ற சொல் அதுவரை எங்கள் வீட்டில் பஸ்ஸோடு சேர்ந்துதான் வழங்கிவந்தது. சைக்கிளில் போவதையும் அப்படிச் சொல்லலாம் என்பது தெரிந்ததும் தலைகால் புரியவில்லை.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலேயே, “கடல்ல காத்தழுத்தம் உருவாகியிருக்காம். காலைல ரேடியோல சொன்னான்” என்றாள்.

“அது மெட்ராஸ் பக்கம் அண்ணி. நமக்கென்ன?”

“மெட்ராஸ்ல கரையேறுனா ரெண்டு நாள்ல இங்க வந்து ஊத்தும் தம்பி.”

அம்மா கடலூர்க்காரி. நவம்பர் மாதம் என்றால் வானத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள். அப்பா வழியில் நாங்கள் வேலூர்ப் பக்கத்து வறண்ட வம்சம். மழை விஷயத்தில் அவளோடு வாதாட எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. சித்தப்பா என் அண்ணனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கைகழுவப் போய்விட்டார்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் அவர் எங்கிருந்தோ ஒரு சாக்பீஸ் கொண்டுவந்து கூடத்துத் தரையில் பாதையை வரைந்தார். ஒக்கலிபுரம், யஷ்வந்த்பூர், பீன்யா, அதைத் தாண்டித் தும்கூர் ரோட்டில் எட்டாவது மைல். அங்கே வலது பக்கம் திரும்பினால் நேரே ஏரி. அண்ணனும் நானும் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தோம். சித்தப்பாவுக்கு அவருடைய சைக்கிள். அண்ணனுக்கு அப்பாவுடையது. எனக்கு மட்டும் வாடகை சைக்கிள், அதுவும் லேடீஸ் சைக்கிள். அந்த வரி மட்டும் என் காதில் மறுநாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அம்மா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

“யஷ்வந்த்பூர் தாண்டி ஏத்தம் இருக்குமே. எறங்கித் தள்ளணுமா, மிதிச்சே ஏறிடலாமா?”

“மிதிச்சிடலாம் அண்ணி.”

“எட்டாவது மைலுக்கு அப்புறம் ரோடு எப்படி? மரம் இருக்கா, வெட்டவெளியா?”

சித்தப்பா பதில் சொன்னார். அவள் இன்னொன்று கேட்டாள். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, கரையில் இறங்க முடியுமா, லாரிகள் எந்த நேரத்தில் அதிகம் வரும். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “மழை வரும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா எங்கள் திட்டத்தில் ஓட்டை தேடுகிறாள் என்று அண்ணன் என் காதில் சொன்னான். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு ஓட்டை அகப்பட்டுவிட்டால் போதும், அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவாள்.

அந்த வாரம் முழுக்க என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் கால்கள் தாமாகவே மிதித்துக்கொண்டிருந்தன. “காலு சும்மனெ இரல்வா நினகே?” என்று கன்னட டீச்சர் கேட்ட பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருந்தன. ஜன்னலுக்கு வெளியே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் அடித்தால் மகிழ்ச்சி, மேகம் மூடினால் ஜன்னல் பக்கம் சாய்ந்து வானத்தைப் பார்ப்பேன். சாயங்காலம் டிவி செய்தியின் கடைசியில் இந்தியாவின் படத்தைக் காட்டுவார்கள். கடலுக்கு மேல் வெள்ளையாகப் பஞ்சு சுற்றியதுபோல ஒன்று இருந்தது. தினமும் அது நம் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

புதன்கிழமைக்குப் பிறகு ஆலோசனையை மொட்டைமாடிக்கு மாற்றிக்கொண்டோம். அம்மா அங்கேயும் வந்தாள், காயப்போட்ட துணியை எடுக்க. எல்லாத் துணியையும் எடுத்து முடித்த பிறகும் தோளில் போட்டபடி நின்றாள். சித்தப்பா பேச்சை மாற்றிப் பட்டறைக் கதை ஒன்றைச் சொன்னார். அதையும் நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை அண்ணன் டிரான்சிஸ்டரின் பேட்டரியைக் கழற்றித் தன் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டான். காலையில் அம்மா டிரான்சிஸ்டரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பிறகு மாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்து நின்றாள். இறங்கி வந்து, “சனிக்கெழம பிடிக்கும்” என்றாள். ரேடியோ இருந்தாலாவது ‘பெய்யக்கூடும்’ என்று கொஞ்சம் இழுத்துச் சொல்லியிருக்கும். அண்ணன் மறுபேச்சில்லாமல் பேட்டரியைத் திரும்பப் போட்டுவிட்டான்.

ரயில்வேயில் ஷிப்ட் மாறி மாறி வேலை பார்த்த அப்பா இதில் எதிலும் தலையிடவில்லை. “பஸ்லயே போலாமே” என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

அம்மா சொன்னபடியே சனிக்கிழமை மத்தியானம் தூறல் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறந்திருக்காது என்பதால் முந்தின மாலையே வாடகை சைக்கிளை எடுக்கப் போனோம். கடைக்காரர் வானத்தைப் பார்த்து, “மளெ பருத்தெ” என்றார். “பரலி பிடி” என்றார் சித்தப்பா. வந்தால் வரட்டும் என்று அவர் சொன்ன தோரணையில் எனக்குப் பாதி ஏரி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நீல நிற சைக்கிள். அதை நடையில் சாய்த்து வைத்தோம். அம்மா புடவைத் தலைப்பால் அதன் சீட்டைத் துடைத்தாள். பிரேக்கை அமுக்கிப் பார்த்தாள். ஏதாவது குறை சொல்லப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா எங்களுக்கு முன்பே எழுந்து புளிசோறு கிளறி டிபன் கேரியரில் கட்டி வைத்திருந்தாள். சித்தப்பா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். உள்ளே வந்தார். ஒரு டீ குடித்தார். மறுபடியும் வாசலுக்குப் போனார். நான் அவர் பின்னாலேயே போய் அவர் பின்னாலேயே வந்தேன். அண்ணன் மழைக்காகக் கத்தரித்து வைத்திருந்த பிளாஸ்டிக் ஷீட்டை முதுகில் கட்டிக்கொண்டு, கழற்ற மறுத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் விடும், எல்லோரும் எழுந்திருப்போம். மறுபடியும் பிடிக்கும், உட்காருவோம். நான் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருந்தேன். ஒருபோதும் என்னை அதட்டாத சித்தப்பா அன்று, “கொஞ்ச நேரம் சும்மா இருக்கியா?” என்றார்.

பத்து பதினோரு மணி வாக்கில் அவர் பிளாஸ்டிக் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அண்ணி சொன்னது சரியாப் போச்சு. இன்னைக்கு வேணாம். அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

அம்மா வெற்றிப் புன்னகையோடு வருவாள் என்று நினைத்தேன். அவள் ஈரக் கையோடு வாசலுக்கு வந்து தலையை நீட்டி வானத்தைப் பார்த்தாள்.

“கொஞ்சம் வெளுத்திருக்கே தம்பி. கெளம்பலாமே.”

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்கதான அண்ணி வாரம் பூரா வேணாம்னீங்க?”

“மழை வரும்னு சொன்னேன். போவேணாம்னு எப்ப சொன்னேன்?”

யோசித்துப் பார்த்தால் அவள் அப்படிச் சொல்லவே இல்லைதான். ஆனால் அந்த நேரத்தில் அதை யோசிக்கும் நிலையில் நான் இல்லை. பசங்க நனைஞ்சா காய்ச்சல் வரும் என்று சித்தப்பா முணுமுணுத்தார். அம்மா இன்னும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

புளிசோற்றை வீட்டிலேயே, சாக்பீஸ் பாதையைச் சுற்றி உட்கார்ந்து தின்றோம். வாரம் முழுக்கக் கூடத்தைத் துடைத்தவள் அந்தக் கோட்டை மட்டும் ஈரம் படாமல் ஒதுக்கியிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். சோம்பல்பட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட்டதும் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். சித்தப்பா கால்நீட்டி உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

மழை தூறலாகக் குறைந்தது. “சைக்கிளை நான் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்” என்றாள் அம்மா. சாயங்காலம்தானே விட வேண்டும் என்றேன். “சும்மாதான நிக்குது” என்று சொல்லி அதை நடையிலிருந்து இறக்கித் தள்ளிக்கொண்டு போனாள். குடை எடுத்துக்கொள்ளவில்லை. கடை இரண்டு தெரு தள்ளித்தான்.

அவள் திரும்பி வரவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை. மழை மறுபடியும் வலுத்தபோது, எங்காவது ஒதுங்கி நிற்பாள் என்றார் சித்தப்பா. அப்பா வேலையிலிருந்து வந்து, “எங்க அவ?” என்று கேட்டபோதுதான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சித்தப்பா குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். நனைந்துபோய்த் திரும்பி வந்தார். “கடைக்காரன் இன்னும் பந்தில்லாங்கறான். சைக்கிளும் வரலியாம்.” அப்பா சட்டையைக் கழற்றாமலேயே நின்றார். அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டார். ரயில்வே பாலம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அடுப்படியில் அம்மா இல்லாத அந்த இடம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் தெருமுனையில் மணிச் சத்தம் கேட்டது.

அம்மா சைக்கிளில் வந்தாள். தள்ளிக்கொண்டு வரவில்லை, ஏறி மிதித்துக்கொண்டு வந்தாள். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள். தலைமுடி முகத்தோடு ஒட்டியிருந்தது. முழங்கால் வரை செம்மண். அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். தெருவில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு காலை ஊன்றி நிறுத்தினாள்.

“எங்க போயிருந்த?” என்றார் அப்பா, பிறர் காதில் விழாத குரலில்.

“பீன்யா வரைக்கும். இருட்டிடும்னு திரும்பிட்டேன்.”

“எதுக்கு?”

அம்மா யோசித்தாள். ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்தாள். மூச்சு வாங்கியது. சித்தப்பாதான் முன்னால் வந்து சைக்கிளை வாங்கிக்கொண்டார்.

“எதிர்காத்தா அண்ணி?”

“போறப்ப எதிர்காத்து. வர்றப்ப அதுவே தள்ளிக்கிட்டு வந்துடுச்சு” என்றாள். அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த யாரோ ஒருத்தி பேசுவதுபோல இருந்தது.

நான் துண்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். பயம் போனதும் கோபம் வந்திருந்தது. நாங்கள் நனையக்கூடாது என்று ஒரு வாரம் சொன்னவள், எனக்கென்று எடுத்த சைக்கிளில், எங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போய் நனைந்துவிட்டு வந்திருக்கிறாள். இதைவிடப் பெரிய அநியாயம் எனக்குத் தோன்றவில்லை.

அம்மா தலையைத் துவட்டாமல் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னிடம் குனிந்து சொன்னாள்.

“யஷ்வந்த்பூர் மார்க்கெட்டாண்ட ரோடு பூரா பள்ளம் கண்ணு. தண்ணி நின்னா ஒண்ணும் தெரியல. அடுத்த வாட்டி அங்க எறங்கித்தான் போவணும்.”

அடுத்த வாரத்தையும் கெடுக்க இப்போதே ஒரு காரணம் தேடிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அண்ணனிடம் அதைச் சொல்ல உள்ளே ஓடினேன்.