பருந்து பார்க்க ஒரு புத்தகம்

பெரம்பலூரை விட்டு அரியலூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். துண்டில் இரண்டு இங்கிலீஷ் புத்தகங்களை முடிந்திருந்தேன். இரண்டும் பருந்து, வல்லூறு போன்றவற்றை அடையாளம் காண்பதற்கானவை. புத்தகங்களுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற காட்டிலாகா அதிகாரி. பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் அவருடைய பெட்டிகளுக்கே இடம் போதவில்லை. நடந்து வருவதாகச் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணில் புரை. வானத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளும், அந்த ஆளுக்குத் தோதான ஒரு புத்தகமும் வேண்டும். வழியில் காண்பதை இரண்டிலும் தேடிப் பார்த்து, எது உதவும் என்று சாயங்காலம் அரியலூர் பங்களாவில் சொல்லச் சொன்னார். என் பதில் பிடித்திருந்தால் வேலையும் இரண்டு வேளைச் சோறும் கிடைக்கும். யுத்தத்தால் அரிசிக்கு ரேஷன் வந்த காலம். ஹோட்டலில் தண்ணீர் சுமக்கும் வேலையை விட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பாதிதான் விளங்கும். படங்களைத்தான் நம்பினேன். ஒன்றில் எல்லாம் வண்ணப்படங்கள். கிளையில் உட்கார்ந்த பறவைகள். அதை அவர் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார். மற்றது மெலிந்தது. கீழேயிருந்து பார்த்தால் தெரிகிற கறுப்பு உருவங்கள் மட்டும் இருந்தன. அவருக்கு எது பிடித்தது என்பதைப் பட்டுத்துணியே சொல்லிற்று. அதுதான் எனக்குப் பயம்.

பனைமரத்தில் உட்கார்ந்திருந்த வல்லூற்றை வண்ணப் புத்தகத்தில் உடனே கண்டுபிடித்தேன். பிறகு எதுவும் உட்காரவில்லை. உச்சி வெயிலில் பறந்ததெல்லாம் கறுப்பாகவே தெரிந்தது. வேர்வைக் கை பட்டு ஏடு கறைபடுமோ என்று துடைத்துத் துடைத்துப் புரட்டினேன்.

கடலைக் கொல்லையில் களை வெட்டியவர்கள் திடீரென்று நிமிர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கருடன். நானும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். திறந்தபோது அது தோப்புக்கு அப்பால் போய்விட்டது. மெலிந்த புத்தகத்தில் கருடனும் சாதாரணப் பருந்தும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வால் மட்டுமே வேறு. ஒன்று வளைவு, ஒன்று பிளவு. கருடனின் வால் எப்படி இருந்தது என்று வரப்போரம் நின்ற பெண்ணிடம் கேட்டேன்.

"சாமிய கும்புடறப்ப வாலயா பாப்பாங்க? வெயிலு ஏறிடுச்சா தம்பி, தண்ணி வேணுமா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். தண்ணீரை வாங்கிக் குடித்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்துவரும் பறவை. அதன் வால் எனக்குத் தெரியவில்லை. அவர் இதைக் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலையோடு மீதி வழியை நடந்தேன்.

பங்களா வராந்தாவில் மெலிந்த புத்தகத்தை நீட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"ஏன், இன்னொண்ணுல கலர் இருக்கே?"

"எதுவும் கீழ எறங்கலீங்க சார். மேல இருந்தா எல்லாம் கறுப்புதாங்க."

என்னென்ன பார்த்தேன் என்று விசாரித்தார். சொன்னேன். பயந்ததையே கேட்டார்.

"கருடன் வாலு?"

"பாக்கல சார். கும்புட்டுட்டேன்."

"நாளைக்கும் கும்புடுவியா?"

"கும்புடுவேன் சார். ஒரு கண்ண தொறந்து வெச்சுக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. காலையில் பார்க்கலாம் என்று உள்ளே போய்விட்டார். சமையல்காரர் கொடுத்த கூழைக் குடித்துவிட்டு வராந்தாவிலேயே படுத்தேன்.

விடிந்ததும் அடுத்த ஊருக்குக் கிளம்பப் பெட்டிகள் வெளியே வந்தன. அவற்றைச் சுமக்கத்தான் என்னை வைத்துக்கொள்வார் என்று நினைத்து ஒன்றைத் தலைக்குத் தூக்கினேன்.

"அத கீழ வையி," என்றார். "தலையில பெட்டியோட எப்படி அண்ணாந்து பாப்ப? அதுக்கு வேற ஆளு வருது."

மெலிந்த புத்தகத்தை என் கையில் கொடுத்தார். அன்று முதல் அவருக்கு முன்னால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பது என் வேலையாயிற்று.