பாலம் கேட்காத உயிர்

செய்தி வந்தபோது நான் காட்டாங்குளத்தூரில், கல்லூரி ஆய்வகத்தில் கான்கிரீட் கட்டிகளை நசுக்கிச் சோதித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஏழுமலை மேஸ்திரி. "மேடம், தேவராஜ் சார் பூட்டாரு. நம்ம பாலத்தாண்டதான்" என்றார். பிறகு, நான் எதுவும் கேட்காமலேயே, குரலைத் தாழ்த்தி, "பாலம் காவு வாங்கிக்கிச்சு மேடம்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழக்கூடத் தோன்றவில்லை. போனை வைய்யா என்று கத்திவிட்டேன்.

ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிற வழியில், படப்பைக்கு முன்னால் நாங்கள் கட்டிய அந்த ஆற்றுப் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, அடியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்றைக்கு இறங்கியவர் மேலே வரவில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார். மாரடைப்பு என்றார் மருத்துவர். சேலையூர் வீட்டில் அவர் மனைவி கிரேஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, மாத்திரையை ஒழுங்காகப் போடவே மாட்டார் என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவரோடு வேலை பார்த்த உங்களில் சிலரும் அங்கே வந்திருந்தீர்கள். வாசலில் நின்று நீங்களும் ஏழுமலை சொன்னதையேதான் கிசுகிசுத்தீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் அந்தப் பாலத்தின் தளப் பொறியாளர். நான் சோதனைப் பொறியாளர். அவர் கலவையை நான் குறை சொல்வதும், என் குறையை அவர் குறை சொல்வதுமாக எங்கள் சிநேகம் வளர்ந்தது. ஒருநாள் டீ குடிக்கும்போது, தஞ்சாவூர் போய்வந்த சூட்டில் நான் பொரிந்து தள்ளினேன். ஆயிரம் வருஷமாக அந்தக் கோபுரம் அசையாமல் நிற்கிறது, நாம் நூறு வருஷம் தாங்கும் என்று எழுதிக் கொடுக்கவே நடுங்குகிறோம், அதிசயம் கட்டுகிற சாதி அழிந்தே போச்சு என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கட்டினவன் பேரைக் கல்லுல வெட்டிருக்கான். கல்லு விழுந்து செத்தவன் பேரு எங்க மேடம் இருக்கு?" என்றார். பிறகு, "ஒருத்தர்கூட சாகாம கட்டிக் காட்டறேன். அதுக்கு அதிசயம்னு பேர் வைங்க" என்றார். இந்தத் துக்கடா பாலத்துக்கா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆற்றில் தூணுக்கு அடித்தளமாகக் கான்கிரீட் கிணறு இறக்குவதற்கு முன் கோழி காவு கொடுப்பது நம் தளங்களில் எல்லாருக்கும் பழக்கம். பெரிய வேலை என்றால் ஆடு. தேவராஜ் சார் அதைத் தடுத்துவிட்டார். கோழியை ஏழுமலையிடமிருந்து விலைக்கு வாங்கி அவிழ்த்தும் விட்டார். அது சிமெண்ட் கொட்டகையில் முட்டையிட்டுக்கொண்டு ராணி மாதிரி திரிந்தது. ஆட்கள் அதைப் பார்க்கவே பயந்தார்கள். கோழியை விட்டால் பாலம் ஆளைக் கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பெல்ட் மாட்டாமல் ஒருவன் சாரத்தில் ஏறினால் அடிவயிற்றிலிருந்து கத்துவார். கடைசி ஆள் வெளியே போகும்வரை கேட்டில் நின்று முகம் முகமாகப் பார்ப்பார்.

கிணறு பாதி இறங்கியிருந்தபோது கரையோரக் குடியிருப்பில் ஒரு சின்னப் பெண்ணைக் காணவில்லை. பாலத்துக்குப் பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற பேச்சு ஏற்கெனவே ஊரில் இருந்தது. மத்தியானம் கூட்டம் தளத்துக்குள் நுழைந்துவிட்டது. அந்தத் தாய் கிணற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளிருந்து அதே பெயர் திரும்பி வந்தது. ஆனால் கொஞ்சம் தாமதமாக, இன்னும் மெல்லிய குரலில் வந்தது. அத்தனை பேரும் கேட்டோம்.

"கொயந்த உள்ளாற கீது" என்று யாரோ சொன்னார்கள். தேவராஜ் சார் மண் அள்ளும் வாளியில் ஏறி, இறக்கச் சொன்னார். கீழே டார்ச் வெளிச்சம் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. ரொம்ப நேரம் கழித்து, "இங்க யாரும் இல்லம்மா, வந்து நீங்களே பாருங்க" என்று குரல் வந்தது. அவள் இறங்கிப் பார்த்தாள். குழந்தை சித்தி வீட்டுக்குத் தானாகவே பஸ் ஏறிப் போயிருந்தது சாயங்காலம்தான் தெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் அவர் கை கழுவிக்கொண்டே, "நான் உள்ள இருக்கும்போது அத்தனை பேரும் எதுக்கு மேடம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டார். நான் விளிம்பிலேயேதான் நின்றிருந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றேன். "எதிரொலியா இருக்கும்" என்றார். நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது எதன் எதிரொலி என்று நானும் கேட்கவில்லை, அவரும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இன்றைக்கும் அதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. நான் ஒரு பொறியாளர், இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பாலம் முடிந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. திறப்பு விழாவில் மாலை, பொன்னாடை எல்லாம் இருந்தது. அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

இப்போது அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பாலம் கட்டுகிறார்கள். கலவை சோதனைக்காகப் போன வாரம் போயிருந்தேன். முதல் கிணறு இறங்கிக்கொண்டிருந்தது. கோழி வெட்டின அடையாளமே இல்லை. மனசு நிறைந்துபோய், பரவாயில்லையே, சார் சொன்னது ஏறிடுச்சு என்று ஏழுமலையிடம் சொன்னேன். அவர் பழைய பாலத்தின் தூணைக் காட்டினார். தேவராஜ் சார் சாய்ந்திருந்த இடத்தில், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், குங்குமம் அப்பியிருந்தது. கீழே எலுமிச்சம்பழம், பூ. "கோயி எதுக்கு மேடம்? அதான் சாரு கீறாரே. ரெண்டு பாலத்துக்கும் அவரே போதும்."

திரும்பிப் பார்த்தேன். புதுக் கிணற்றின் விளிம்பில் ஒரு பையன் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தான். இடுப்பில் பெல்ட் இல்லை, தலையில் ஹெல்மெட் இல்லை. எங்கடா பெல்ட் என்று கேட்டேன். "சார் பாத்துப்பாரு மேடம்" என்று சிரித்தான்.

என் வாயிலிருந்து வந்த சத்தம் என் சத்தமே இல்லை. இறங்குடா கீழே என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அவன் இறங்கியதும் பழைய பாலத்தின் தூணுக்குப் போனேன். முந்தானையை நனைத்து அந்தக் குங்குமத்தைத் தேய்த்துத் துடைத்தேன். மறுபடி வைப்பார்கள், தெரியும். நானும் மறுபடி துடைப்பேன்.

தேவராஜ் சாரிடம் அந்தப் பாலம் எதையும் கேட்கவில்லை, அவரும் அதற்கு எதையும் கொடுக்கவில்லை. அவரை அதற்குள் புதைத்து நிம்மதி தேடாதீர்கள். அவருடைய திறமை, தைரியம், பேர் எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் விளிம்பில் நின்றால் அவர் பதறிக் கத்துவாரே, அந்தப் பயத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.