நாலு விரல் ஈரம்

இதைக் கட்டுக்கதைன்னு நினைக்கிறவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிடுங்க. திருச்செங்கோட்டுல சின்னராஜ் பட்டறைன்னு கேளுங்க, வழி சொல்லுவாங்க. உள்ளே போய் அந்தச் செவுத்தைப் பாருங்க. அப்புறமா வந்து என்கிட்ட வாயாடுங்க.

சின்னராஜ் பன்னெண்டு வருசம் போர்வெல் ரிக்குல மெக்கானிக்கா ஊர் ஊராச் சுத்துனவர். இப்ப ஊட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டாய், அதுல ஒரு லேத்து. கையை நம்பிப் பொழைக்கிற மனுசன். தண்ணியாலேயே இரும்பை அறுக்குற வாட்டர்ஜெட் மிஷினைத் தன் கையால கட்டிடணும்னு அவருக்கு ஒரு வெறி. ஊசிமுனை ஓட்டை வழியா அசுர வேகத்துல தண்ணி பீச்சினா கல்லும் அறும், இரும்பும் அறும். மேசையெல்லாம் அவரே வெல்டிங் வெச்சார். பம்பு மட்டும் சேலத்துல அல்தாப்போட பழைய இரும்புக் கடையில எடுத்தது.

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். எங்கே ‘ஸ்ஸ்’னு கேட்டாலும் வலது கட்டைவிரலால தடவித்தான் கசிவைக் கண்டுபிடிப்பார். குறுக்கா ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருக்குற விரல் அது. ரிக்குல காத்துக் குழாய்க்கு அது சரி. இந்தத் தண்ணிக்கு விரலும் வெண்ணெயும் ஒண்ணுதான். அது அவருக்கும் தெரியும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்களே, என்ன செய்ய?

முதல் ஞாயிறு. மதியம் 12.10. மோட்டாரைப் போட்டார். ம்ம்ம்ம்... குழாய் இணைப்புல ஸ்ஸ்ஸ்... விரலை நீட்டினார்.

டக்! மெயின் சுவிட்சு தானா விழுந்து மோட்டார் நின்னுச்சு.

"கரண்டு போச்சா புள்ள?"

"மிக்ஸி ஓடிட்டுத்தானுங்க இருக்குது!" ஊட்டுக்குள்ளே இருந்து அவர் சம்சாரம் அகல்யா.

திரும்பிப் பார்த்தார். சுவிட்சுக்குப் பக்கத்துல, செவுத்துல ஒரு ஈரக்கை பதிஞ்சிருந்தது. பெரிய ஆம்பளைக் கை. விரல் நாலுதான். கட்டைவிரல் இருக்கவேண்டிய இடம் வெறுஞ்செவுரு. தகரம் கொதிக்குற வெயில்ல அந்த ஈரம் காயவே இல்லை.

இணைப்பை இறுக்கி, அடுத்த ஞாயிறு மறுபடி போட்டார். 12.10. ஸ்ஸ்ஸ்... விரல் கசிவுகிட்ட நீண்டுச்சு. டக்! செவுத்துல இன்னொரு கை. அதே நாலு விரல்.

பயந்தாரான்னா, பயந்தார். ஆனா பயத்தை விட வீம்பு பெரிசு. "சும்மா ட்ரிப் ஆகுது புள்ள, வேறொண்ணுமில்ல"ன்னார். மூணாவது ஞாயிறு மிஷினுக்குப் பொட்டு வெச்சு, அடியில எலுமிச்சம்பழமும் வெச்சார். அதோட நின்னாரா? ரிக்குக்காரனுக்கே தோணுற கூறுகெட்ட வேலை ஒண்ணு செஞ்சார். சுவிட்சு விழாம இருக்க, அதோட கைப்பிடியைக் கட்டுக்கம்பியால இறுக்கிக் கட்டிட்டார்.

12.10. ம்ம்ம்ம்...

ஸ்ஸ்ஸ்...

சுவிட்சுக் கைப்பிடி நடுங்குச்சு. கம்பி கிரீச்... கிரீச்...

விழலை.

பழக்கம் விடுமா? கட்டைவிரல் கசிவைத் தொடப் போச்சு.

சில்லுனு...

மணிக்கட்டை ஒரு கை பிடிச்சது.

ஈரக்கை.

நாலு விரல்.

வெடுக்குனு இழுத்துத் தள்ளுச்சு. சின்னராஜ் மல்லாக்க விழுந்தார். கசிவுக்கு எதிரே இருந்த பிளாஸ்டிக் வாளி, கத்தியில கீறினாப்ல பிளந்து கிடந்தது. அகல்யா ஓடியாந்து, கம்பியைப் பிரிச்சு சுவிட்சை அணைச்சா.

"அட சாமி! விரல் இருக்குதுங்களா?"

"இருக்குது புள்ள... அஞ்சும் இருக்குது."

சாயங்காலம் அல்தாப்புக்குப் போன் போட்டார்.

"தம்பி, அந்தப் பம்பை முன்னே ஓட்டுனது யாரு?"

"பிரபாகர்னு ஒருத்தருண்ணா. கசிவைத் தொட்டுப் பார்த்து கட்டைவிரல் போயிடுச்சு. சீழ் பிடிச்சு, இருபதே நாள்ல ஆளும் போயிட்டாரு. ஏண்ணா, பம்பு ஓடலையா?"

சின்னராஜ் அழுதுட்டார். செத்தும் தன் கையைக் காப்பாத்துன புண்ணியவான்னு தேங்காய் ஒடைச்சுக் கும்பிட்டார். நல்ல ஆவி, கதை முடிஞ்சதுன்னுதானே நினைக்கிறீங்க? அவரும் அப்படித்தான் நினைச்சார்.

மறுநாள் காலையில 11.40. ரேஷன் கடை. கைரேகை மிஷின்ல கட்டைவிரலை வெச்சார். எடுக்கலை. துடைச்சு வெச்சார். எடுக்கலை.

"விரலை வைங்கண்ணா," கடையில இருந்த பொண்ணு சொல்லுச்சு.

"வெச்சுத்தான்மா இருக்குது."

"வைக்கலைன்னே காட்டுதுங்க."

ஆள்காட்டி விரலை வெச்சார். உடனே எடுத்துக்கிச்சு.

கட்டைவிரலை வெயில்ல திருப்பிப் பார்த்தார். மொழுமொழுன்னு இருந்துச்சு. ரேகை இல்லை. தழும்பும் இல்லை.

பட்டறைக்கு ஓடினார்.

செவுத்துல புதுசா ஒரு ஈரக்கை.

அஞ்சு விரல்.

கட்டைவிரல்ல ரேகை தெளிவா விழுந்திருந்தது. குறுக்கா ஒரு வெட்டுத் தழும்பு...

மணி பார்த்தார். 12.10.

அந்த ஈரம் இன்னைக்கு வரைக்கும் காயலை.