கையுறைக்குள் ஒரு துளி

நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்த அவளை வகுப்பில் எல்லோரும் ‘வாயாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலை வார்டில் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்தது. நோயாளியாக வந்திருந்த தையல்காரருக்கு ஊசி போட்டு எடுக்கும்போது அவர் வலியில் கையை உதற, ஊசி அவள் கையுறையைத் துளைத்து விரலில் ஏறியது. உள்ளே சிவப்பாக ஒரு துளி பரவியது.

சோப்புப் போட்டு விரலைக் கழுவினாள். யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் இப்படிக் குத்திக்கொண்ட தோழியை வார்டு சிஸ்டர் எல்லோர் முன்னாலும் வறுத்தெடுத்தது கண்ணுக்குள்ளேயே நின்றது.

திரும்பி வந்தவளைத் தையல்காரர் மெல்ல அழைத்தார்.

“ஊசி உன்னையும் குத்திடுச்சா தங்கச்சி?”

“இல்லண்ணா.”

“ஊசியோடவே குடும்பம் நடத்துறவன் நான். என்கிட்ட மறைக்காத.” அவர் குரல் இறங்கியது. “எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. சொன்னா ஒதுக்கிடுவாங்கன்னு மறைச்சுட்டேன். ஓடு, இப்பவே போய்ச் சொல்லு.”

அவள் சிஸ்டரிடம் ஓடினாள்.

சிஸ்டர் திட்டத்தான் செய்தார். ஆனால் திட்டிக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய், மதியத்துக்குள் தொற்று வராமல் தடுக்கும் முதல் மாத்திரையை விழுங்க வைத்தார். அந்த மாத்திரைகளை விழுங்கிய ஒரு மாதமும் குமட்டலோடு போனது. “என்னடி, சோத்தைக் கண்டாலே ஓடுற?” என்று அம்மா கேட்டபோதெல்லாம் பரீட்சை பயம் என்று மழுப்பினாள். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடைசிப் பரிசோதனையிலும் தொற்று இல்லை என்று வந்தது. அன்று மாலை தையல் கடையைத் தேடிப் போனாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லண்ணா.”

அவர் மிஷினை நிறுத்தினார். தைத்துக்கொண்டிருந்த துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.